பந்து வரும் முன்னே

காற்பந்தாட்டத்தில் ஒரு கோல் விழுந்ததும் பார்வையாளர்களின் கண்கள் பந்தை வலைக்குள் உதைத்தவரையே தேடுகின்றன. மறுநாள் நாளேட்டில் அவருடைய படமே வருகிறது. ஆனால், அந்தக் கோலுக்கு ஐந்து விநாடிகளுக்கு முன்பு அவர் எங்கே நின்றார், எந்தப் பக்கம் பார்த்தார், எப்போது ஓடத் தொடங்கினார் என்பதை யாரும் கேட்பதில்லை. தாக்குதலின் வெற்றி பெரும்பாலும் அந்த ஐந்து விநாடிகளில்தான் முடிவாகிறது. பந்தைக் கொடுப்பவரின் திறமை எவ்வளவு முக்கியமோ, அதைப் பெறுபவரின் திறமையும் அவ்வளவு முக்கியம்.

தோட்டத் திடலும் தாமான் திடலும்

மலாயாவில் வாணிக நோக்கில் இரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டது மலாக்கா மாநிலத்தில்தான். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழர்கள் வந்து குடியேறினர். தோட்டம் என்றால் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி இவற்றோடு ஒரு திடலும் இருக்கும். காலையில் பால்மரம் வெட்டிப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த இளைஞர்கள், மாலையில் அதே திடலில் பந்து உதைத்தனர்.

அந்த ஆட்டத்தில் ஒரு சிறப்பு இருந்தது. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஆடியதால், யார் எந்தப் பக்கம் ஓடுவார் என்பது மற்றவருக்குப் பார்க்காமலேயே தெரிந்தது. புரிந்துணர்வைத் தனியாகக் கற்பிக்க வேண்டிய தேவை எழவில்லை. அது பழக்கத்தில் வந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. பல இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாயின. குடும்பங்கள் ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கால், மஸ்ஜிட் தானா போன்ற ஊர்களுக்கும் மலாக்கா நகரைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் பெயர்ந்தன. இடைநிலைப்பள்ளி அணியில் ஆடும் பதினொருவர் பல தாமான்களிலிருந்து வருகின்றனர். பல மொழி பேசுகின்றனர். அவர்கள் ஒன்றுகூடுவது வாரத்தில் ஓரிரு நாள் நடைபெறும் புறப்பாடப் பயிற்சியில்தான். முன்பு பழக்கம் தந்த புரிந்துணர்வை இப்போது திட்டமிட்டே உருவாக்க வேண்டியுள்ளது.

ஒருவரையே நம்பும் அணி

பள்ளி அணிகளில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்று உண்டு. அணியில் வேகமாக ஓடும் ஓர் ஆட்டக்காரர் இருந்தால், பந்து கிடைத்த ஒவ்வொருவரும் அதை அவரை நோக்கியே உயர உதைப்பர். முதல் பத்து நிமிடங்களில் இந்த உத்தி பலன் தரலாம். அதன் பிறகு எதிரணி விழித்துக்கொள்கிறது. ஒருவர் அவரைத் தொட்டுத் தொடர, இன்னொருவர் பின்னால் காவல் நிற்பார். இப்போது அவருக்குப் பந்து போனாலும் பயனில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு வேறோர் இடத்தில் நிகழ்கிறது. இடப்பக்க ஓரத்தில் ஆடுபவர் மூன்று முறை வெற்றிடத்திற்கு ஓடுகிறார். மூன்று முறையும் பந்து வரவில்லை. நான்காம் முறை அவர் ஓடமாட்டார். பந்து வராத இடத்திற்கு எத்தனை முறை ஓடுவது? அவர் நின்றுவிட்டதும் அவரைக் காத்த எதிரணி வீரருக்கு வேலை இல்லாமல் போகிறது. அவரும் நடுவில் வந்து சேர்கிறார். இருவர் காவல் மூவர் காவலாகிறது. ஆக, ஒருவரைப் புறக்கணிப்பதால் கெடுவது அந்த ஒருவரின் ஆட்டம் மட்டுமன்று. அணி நம்பியிருக்கும் சிறந்த ஆட்டக்காரரின் ஆட்டமும் சேர்ந்தே கெடுகிறது.

பந்து இல்லாத நேரம்

ஓர் ஆட்டம் 90 நிமிடங்கள் நீடித்தாலும், பந்து வெளியே போகும் நேரம், தவறுக்காக ஆட்டம் நிற்கும் நேரம் ஆகியவற்றைக் கழித்தால் பந்து உருளும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. அந்த 60 நிமிடங்களை 22 ஆட்டக்காரர்களுக்குச் சமமாகப் பங்கிட்டால், ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடத்திற்கும் குறைவு. எஞ்சிய நேரம் முழுவதும் அவர் பந்து இல்லாமல்தான் திடலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் செய்வதே அந்த மூன்று நிமிடங்களின் பயனைத் தீர்மானிக்கிறது.

திடலின் அளவையும் எண்ணிப் பார்க்கலாம். பெரிய போட்டிகளுக்குரிய திடல் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. அதன் பரப்பு 7,140 சதுர மீட்டர். கோல்காவலர் நீங்கலாகப் பத்துப் பேர் அதைக் காப்பதானால், ஒருவருக்கு 714 சதுர மீட்டர் வரும். அது எட்டுப் பூப்பந்துத் திடல்களைவிடப் பெரிய இடம். எந்த மனிதராலும் அத்தனை இடத்தைக் காக்க முடியாது. அதனால்தான் தற்காப்பு அணி தன் ஆட்டக்காரர்களை நெருக்கமாக நிறுத்தி, ஆடுமிடத்தைச் சுருக்குகிறது. தாக்கும் அணியின் வேலை அதற்கு நேர்மாறானது. சுருங்கிய இடத்தை விரிக்க வேண்டும். அதைச் செய்பவர்கள் பந்தைப் பெறக் காத்திருப்பவர்களே.

நல்ல பெறுநர் செய்யும் ஐந்து செயல்கள்

முதலாவது, பரவி நிற்றல். ஓர ஆட்டக்காரர்கள் பக்கக் கோட்டையொட்டி நின்றால், எதிரணித் தற்காப்பாளர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் விலக நேரிடும். நடுவில் இடைவெளி பிறக்கும். முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் ஆழமாக முன்னேறி நின்றால், தற்காப்பு வரிசை பின்வாங்கும்; அதற்கு முன்னால் மத்தியத் திடலில் இடம் கிடைக்கும். பந்தைத் தொடாமலேயே இவர்கள் அணிக்கு உதவுகின்றனர்.

இரண்டாவது, முன்கூட்டியே பார்த்தல். நார்வே நாட்டு ஆய்வாளர் கெயர் யோர்டெட் இங்கிலாந்து பிரிமியர் லீக் ஆட்டக்காரர்களை ஒளிப்பதிவுகளின்வழி ஆராய்ந்தார். பந்து தம்மிடம் வருவதற்கு முன்பு தலையைத் திருப்பி அடிக்கடி சுற்றிலும் பார்ப்பவர்கள், பந்தை முன்னோக்கிக் கொடுப்பதில் கூடுதல் வெற்றி காண்கின்றனர் என்பதை அவருடைய ஆய்வு காட்டியது. பந்து வந்த பிறகு பார்ப்பவருக்கு எதிரணி வீரர் காலடியில் நிற்பார்.

மூன்றாவது, உடலைத் திருப்பி நிற்றல். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பவர் பந்தை வந்த வழியே திருப்பி அனுப்பத்தான் முடியும். பக்கவாட்டாகத் திரும்பி நிற்பவருக்குக் கொடுப்பவரும் தெரிவார். எதிரணியின் கோலும் தெரியும். தூரத்துக் காலில் பந்தை வாங்கினால், அந்த முதல் தொடுதலிலேயே முன்னோக்கி நகரலாம்.

நான்காவது, நேரமறிந்து ஓடுதல். இதைப் புரிந்துகொள்ள ஆப்சைட் விதியை அறிய வேண்டும். பந்து உதைக்கப்படும் கணத்தில் எதிரணியின் பாதித் திடலில் இருந்துகொண்டு, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆட்டக்காரரையும்விடக் கோல் எல்லைக்கோட்டை நெருங்கி நிற்பவர் ஆப்சைட் நிலையில் இருக்கிறார். அந்நிலையில் அவர் ஆட்டத்தில் பங்குகொண்டால் அது தவறாகும். 1925ஆம் ஆண்டுவரை முன்னே இரண்டு எதிரணியினர் அல்லர், மூவர் இருக்க வேண்டும் என்றே விதி இருந்தது. அதை இருவராகக் குறைத்ததும் இங்கிலாந்தின் முதல் பிரிவுப் போட்டிகளில் ஒரு பருவத்தில் விழுந்த கோல்கள் 1,192இலிருந்து 1,703ஆக உயர்ந்தன. பந்தைப் பெறுபவருக்குக் கிடைக்கும் சிறிதளவு இடமும் ஆட்டத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இதுவே சான்று. விதி பார்ப்பது பந்து உதைக்கப்படும் கணத்தை. பந்து வந்து சேரும் கணத்தை அன்று. ஆகவே, முன்பே போய் நிற்பவர் மாட்டிக்கொள்வார். சற்றுப் பின்னாலிருந்து வேகமெடுத்து ஓடிவருபவர் தப்புவார்.

ஐந்தாவது, பிறருக்காக ஓடுதல். பந்து தமக்கு வராது என்று தெரிந்தும் ஒருவர் ஓடுகிறார். அவரைத் தொடர்ந்து ஒரு தற்காப்பாளரும் நகர்கிறார். அந்தத் தற்காப்பாளர் விட்டுச்சென்ற இடத்தில் மூன்றாமவர் ஒருவர் பந்தைப் பெறுகிறார். ஓடியவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. ஆயினும், அந்தக் கோலில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு.

கொடுப்பவரின் கடமை

பெறுபவர் எத்தனை திறமையாக ஓடினாலும், கொடுப்பவர் அதைக் காணாவிட்டால் பயனில்லை. எங்கே கொடுப்பது, எந்தக் காலுக்குக் கொடுப்பது, எவ்வளவு வேகத்தில் கொடுப்பது ஆகிய மூன்றையும் கொடுப்பவர் எண்ண வேண்டும். நிற்பவருக்குப் பந்து காலடியில் வேண்டும். ஓடுபவருக்கு அது அவருக்கு முன்னால் உள்ள இடத்தில் வேண்டும். ஓடுபவரின் காலடியில் பந்தைக் கொடுத்தால் அவர் வேகத்தைக் குறைக்க நேரிடும். அதற்குள் எதிரணி திரும்பி வந்துவிடும்.

தாக்குதல் முன்னணியில் தொடங்குவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தற்காப்பாளர் பந்தைக் கைப்பற்றியதும் கொடுக்கும் முதல் பந்தே தாக்குதலின் முதல் அடி. அலோர் காஜாவில் பிறந்து, ‘தவுக்கே’ என்று அன்போடு அழைக்கப்பட்ட சோ சின் ஆன், மலேசியாவின் தற்காப்பைப் பல்லாண்டு தாங்கி நின்ற ஆட்டக்காரர். அவரைப் போன்று நிதானத்தோடு ஆடும் ஒருவர் பின்னால் இருந்தால்தான் முன்னால் இருப்பவர்கள் நம்பிக்கையோடு ஓட முடியும்.

மலேசிய வரலாறு தரும் இரண்டு பாடங்கள்

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியாவும் தென்கொரியாவும் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மோதின. ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் பெற்ற ஆர். ஆறுமுகம் மலேசியாவின் கோல்காவலர். ஆட்டம் முடியும் தறுவாயில் வேகமாக முன்னேறிய ஹசான் சானி, தாமே கோலடிக்க முயலாமல் ஜேம்ஸ் வோங்கிற்குப் பந்தைத் தந்தார். ஜேம்ஸ் வோங் அதைக் கோலாக்கினார். மலேசியா 2-1 என்று வென்றது. ஒருவர் எதிரணியைத் தம் பக்கம் இழுத்தார்; இன்னொருவர் சரியான இடத்திற்கு வந்து நின்றார். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி மாஸ்கோ செல்லவில்லை. ஆனாலும், அந்தக் கோலை நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

இரண்டாவது பாடம் 2010ஆம் ஆண்டுக்குரியது. அப்போது தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநர் கே. ராஜகோபால். அதற்கு முந்திய ஆண்டில்தான் அவருடைய இளம் அணி லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றிருந்தது. 2010 டிசம்பரில் சுசுக்கிக் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில் மலேசியா, ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று தோற்றது. பலர் நம்பிக்கை இழந்தனர். அணி குலையவில்லை. தாய்லாந்துடன் சமநிலை கண்டு, லாவோசை 5-1 என்று வென்று, அரையிறுதியில் வியட்நாமையும் தாண்டி இறுதியாட்டத்தை எட்டியது. அங்கே காத்திருந்ததும் இந்தோனேசியாவே.

டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் முதல் சுற்று நடைபெற்றது. முற்பாதியில் கோல் இல்லை. 61ஆம் நிமிடத்தில் நோர்ஷாருல் இட்லான் பந்தை எதிரணித் தற்காப்பாளரிடமிருந்து பறித்துக்கொண்டு பெனால்டி கட்டத்திற்குள் புகுந்தார், கோல்முனையில் வந்து நின்ற சபீ சாலிக்குக் கொடுத்தார், கோல் விழுந்தது. 68ஆம் நிமிடத்தில் அஷாரி சம்சுடின் இரண்டாவது கோலை அடித்தார். 73ஆம் நிமிடத்தில் மஹாலி ஜசுலி அனுப்பிய குறுக்குப் பந்தைச் சபீ தலையால் முட்டி மூன்றாவது கோலாக்கினார். 12 நிமிட இடைவெளியில் மூன்று கோல்கள். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றபோதும், மொத்தக் கணக்கில் 4-2 என்று மலேசியா முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றது.

சபீ சாலி அப்போட்டியில் ஐந்து கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். அவர் ஒருவரே வென்று தந்தார் என்று சொல்லத் தோன்றலாம். ஆனால், புக்கிட் ஜாலிலில் அவர் அடித்த இரண்டு கோல்களையும் உற்று நோக்கினால், பந்து வந்த வழிகள் வேறுவேறு: ஒன்று தரைவழி, மற்றொன்று வான்வழி; கொடுத்தவர்களும் வேறுவேறு. பந்து எந்தப் பக்கத்திலிருந்து, யாரிடமிருந்து வரும் என்று தெரியாத எதிரணியால் ஒருவரை மட்டும் காத்து நிற்க முடியவில்லை. சிறந்த ஆட்டக்காரரை நன்கு பயன்படுத்தும் வழி, அவருக்கு மட்டுமே பந்தைத் தராமல் இருப்பதுதான்.

பள்ளி அணி செய்யக்கூடியவை

இவற்றைப் பயில விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு நோட்டுப்புத்தகமும் பென்சிலும் போதும். ஆட்டத்தில் பங்குபெறாத மாணவர் ஒருவர் திடலோரத்தில் அமர்ந்து மூன்று செய்திகளைக் குறிக்கலாம்: யார் பந்தைப் பெற்றார், எந்தப் பகுதியில் பெற்றார், பெற்றபின் பந்து முன்னே போனதா, பின்னே போனதா, பறிபோனதா? எடுத்துக்காட்டாக, முற்பாதியில் முன்னோக்கிக் கொடுக்கப்பட்ட 40 பந்துகளில் 26 ஒருவருக்கே போயிருந்தால், இடைவேளையில் பயிற்றுநர் என்ன சொல்ல வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். குற்றம் சாட்டுவதற்கு அன்று. திருத்துவதற்கே அந்தக் கணக்கு.

பயிற்சியில் நால்வர் வட்டமாக நின்று பந்தைப் பரிமாற, இருவர் நடுவில் நின்று பறிக்க முயலலாம். ஒருவர் இருமுறைக்குமேல் பந்தைத் தொடக்கூடாது என்று விதித்தால், பந்து வரும் முன்பே சுற்றிலும் பார்க்கும் பழக்கம் தானாக வரும். திடல் கிடைக்காதவர்களுக்கு ஃபுட்சால் உதவும். அதன் ஆடுகளம் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமுமே கொண்டது. பக்கத்திற்கு ஐவர் ஆடுவர். இடம் குறைவு என்பதால் நின்று யோசிக்க நேரம் இராது.

பேசி ஆடுவதும் பயிற்சியே. ‘ஆள் வருது’, ‘திரும்பு’, ‘விடு’ என்னும் சிறு சொற்கள், முதுகுக்குப் பின்னால் கண் இல்லாத நண்பனுக்குக் கண்ணாகின்றன. மலாய், சீன நண்பர்களும் இருக்கும் அணியில் எல்லாருக்கும் புரியும் நான்கைந்து சொற்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். லயத்துத் திடலில் பல்லாண்டுப் பழக்கம் தந்த புரிந்துணர்வை, இன்றைய மாணவர்கள் இந்தச் சிறு சொற்களால் எட்ட முடியும்.

முடிவாக

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அரசனுக்காகச் சொல்லப்பட்ட அவை அணித்தலைவருக்கும் பொருந்தும். தன் அணியில் யாருக்கு எது வலிமை, எப்போது ஓடுவது, எந்த இடத்தில் பெறுவது என்று அறிந்த அணிக்குத் தாக்குதல் எளிதாகிறது. தொடர்ந்து சில பாடல்களுக்குப்பின் வரும் தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரம், செயலுக்கு ஏற்றவரைத் தேர்ந்து அவரிடம் பொறுப்பை விடுவதைப் பேசுகிறது. பந்தைக் கொடுப்பதும் ஒரு பொறுப்பைக் கொடுப்பதே. தம்மை நம்பி ஒருவர் பந்தைத் தருவார் என்ற எண்ணம் இருந்தால், ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரர் நான்காம் முறையும் ஓடுவார்.

சொல் விளக்கம்

பெறுநர் – பந்தைப் பெற்றுக்கொள்பவர்
புரிந்துணர்வு – ஒருவரையொருவர் அறிந்து நடத்தல்
தறுவாய் – வேளை, கட்டம்
குறுக்குப் பந்து – திடலின் ஓரத்திலிருந்து கோல்முனைக்கு அனுப்பப்படும் பந்து

கருத்துணர் வினாக்கள்

1. தோட்டத் திடலில் ஆடியவர்களிடையே புரிந்துணர்வு இயல்பாக அமைந்ததற்குக் காரணம் யாது?
2. ஓர ஆட்டக்காரர் புறக்கணிக்கப்பட்டால் அணியின் சிறந்த ஆட்டக்காரர் எவ்வாறு பாதிக்கப்படுகிறார்? படிப்படியாக விளக்குக.
3. ‘பிறருக்காக ஓடுதல்’ என்பதை உம் சொந்தச் சொற்களில் எழுதுக.
4. 2010ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் சபீ சாலி அடித்த கோல்கள் ஒருவரின் வெற்றியா, அணியின் வெற்றியா? பனுவலிலிருந்து சான்று காட்டி உம் கருத்தை நிறுவுக.
5. உம் பள்ளி அணியின் ஓர் ஆட்டத்தைப் பார்த்துப் பனுவலில் கூறப்பட்டவாறு கணக்கெடுத்து, நீர் கண்டறிந்ததை 120 சொற்களில் அறிக்கையாக எழுதுக.